வாசகர் கேள்வி, தமிழாசிரியர் பதில்: ஜூமில் ழகரம் வருமா?

கேள்வி: வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஜூமில் தமிழ் சொல்லித் தருகிறேன். சேர்ந்து வாசிக்கச் சொன்னால் ஒரே இரைச்சல். ல, ள, ழ மூன்றும் ஒன்றுபோலவே கேட்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சேர்ந்து வாசிப்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக் குரலும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வந்து சேரும். வகுப்பறையில் ஆத்திசூடி சொல்வதுபோல அங்கே ஒரு நாளும் வராது. எல்லோரையும் மியூட்டில் போட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வீட்டிலிருந்தபடி உரக்கச் சொல்லட்டும். அப்புறம் ஒவ்வொருவராக மைக்கைத் திறக்கட்டும். ஜூமின் ஒலி அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள்; உங்கள் குரல் வடிகட்டப்படாமல் போகும்.

உச்சரிப்புக்கு நான் நம்புவது வாட்ஸப் குரல் பதிவைத்தான். 2020 ஊரடங்கில் என் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கையில் போன். நேரலை வகுப்பு சரிப்படவில்லை. 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல்' என்று நான் சொல்லி அனுப்புவேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பதில்கள் வரும். பின்னால் குக்கர் விசில், தம்பியின் அழுகை, ஆனாலும் ழகரம் தெளிவாகக் கேட்கும். போனிலேயே பதிவாகி வருவதால் நெட் திணறினாலும் குரல் நடுவில் அறுபடாது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், அனுப்பியதை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவாள். கடைசியில் வருவது அத்தனை சுத்தமாக இருக்கும். அந்தக் கூச்சம் விலகியதை எந்த வகுப்பறையிலும் நான் பார்த்ததில்லை.

நாக்கையும் காட்டுங்கள். கேமராவை வாய் மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி உட்காருங்கள். லகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளைந்து நெருங்கும், ஒட்டாது.

சொல்வதெழுதுதலை மட்டும் போனில் வைக்காதீர்கள். 'பள்ளி'யா 'பல்லி'யா என்று கீபோர்டே எடுத்து நீட்டிவிடும். நோட்டில் எழுதிப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

நேரலை வகுப்பைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் என்ன சாப்பிட்டாய், பாட்டி போனில் என்ன கேட்டார்கள். குறுக்கே திருத்தாதீர்கள், பேச்சு நின்றுவிடும். திருத்தத்தை அப்புறம் குரலாகவே அனுப்புங்கள். வேண்டியமட்டும் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள்.