தோற்ற ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது: கோ கேள்வி பதில்

கருப்பு, வெள்ளைக் காய்களை மாறி மாறி வைத்து இடம் பிடிக்கும் பலகை விளையாட்டுதான் கோ. ஆடி முடித்த கோ ஆட்டத்தை ரிவ்யூ செய்வது பற்றி மட்டும் கேளுங்கள். பத்து கியூவுக்கு (கியூ என்பது ஆட்டக்காரரின் தரம், எண் குறையக் குறையப் பலம்) முன்னே பின்னே இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். விதிகள், எந்தப் பலகை வாங்கலாம் என்பதெல்லாம் வேறொரு நாள்.

கேள்வி: அண்ணா, ஆட்டம் முடிந்ததும் முதலில் என்ன செய்யணும்?

ஏஐயைத் திறக்காதீர்கள். ஆட்டத்தை முதல் காயிலிருந்து தனியாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், எங்கெல்லாம் கை தயங்கியதோ அங்கெல்லாம் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எஸ்ஜிஎஃப் கோப்பில் (ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் கோப்பு) ஒவ்வொரு காயோடும் குறிப்பு எழுதலாம், வேறு கிளையும் போட்டு வைக்கலாம். "இந்தக் கூட்டம் (சேர்ந்து நிற்கும் காய்கள்) பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்", "பயந்துபோய் இணைத்தேன்", "எங்கே வைப்பதென்று தெரியவில்லை, சும்மா வைத்தேன்" என்று உள்ளது உள்ளபடி. ஏஐயைப் பார்த்த பிறகு இதை எழுத வராது. எனக்கும் அப்பவே தோன்றியதே என்று மனசு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

கோ ஆடும் ஏஐ நிரலான கேட்டாகோ இலவசம். அதை வைத்து இயங்கும் கேட்ரெய்னும் இலவசம்தான், தவறின் அளவுக்கு ஏற்ப வைத்த காய்களுக்கு நிறம் காட்டும். போதும்.

கேள்வி: 150வது காய் வரை எனக்கு வெற்றி வாய்ப்பு 80 சதவீதம், அடுத்த காயில் 15. அந்த ஒரு காயிலா தோற்றேன்?

சதவீதத்தை மூடி வையுங்கள். புள்ளிக் கணக்கைப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் அரைப் புள்ளி முன்னால் இருந்தாலே அந்த எண் 99ஐத் தொடும், ஏனென்றால் அதற்கு மிச்ச ஆட்டம் முழுக்கத் தெரியும். தொடக்கத்தில் பத்துப் புள்ளி பின்னால் இருந்தால் கதை முடிந்தது என்கிற மாதிரி காட்டும், ஆனால் உங்கள் மட்டத்தில் பத்துப் புள்ளி என்பது ஒரு அடாரியை (அடுத்த காயில் பிடிபடும் நிலையை) கவனிக்காமல் விட்டால் கை மாறுகிற விஷயம். எத்தனை புள்ளி போனது என்பதுதான் கேள்வி.

கேள்வி: நான் 9 கியூ, கருப்பு. 60வது காயாக வெள்ளை என் நடுக்கூட்டத்தின் இணைப்பில் எட்டிப் பார்த்தது (அடுத்து வெட்டுவேன் என்று மிரட்டும் காய்). இணைக்காமல் 61ல் மூலையை எடுத்தேன், எட்டுப் புள்ளி. 62ல் வெட்டினான். 94ல் நடுக்கூட்டம் மொத்தமாகச் செத்தது. கேட்டாகோவோ 61ல் போனது மூன்று புள்ளிதான், 73ல் பதினான்கு என்கிறது. அப்படியானால் 61 தவறில்லையா?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 94ஐ மறந்துவிடுங்கள். கூட்டம் செத்த இடத்தில் நின்று அழுவதுதான் பலருடைய ரிவ்யூ. பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். 94ல் பிழைக்க வழி உண்டா? இல்லை, ஒரு கண்தான் (கூட்டத்துக்குள் அடைபட்ட காலி இடம்), பிழைக்க இரண்டு வேண்டும். 84ல்? கோ சண்டை (இருவரும் ஒரே இடத்தில் ஒற்றைக் காயை மாறி மாறிப் பிடிக்கும் சண்டை) போட்டால் ஒருவேளை. 73ல் நீங்கள் என்ன செய்தீர்கள்? அனுப்பிய கோப்பைப் பார்த்தேன், ஓரத்தில் இரண்டு வெள்ளைக் காயைப் பிடித்திருக்கிறீர்கள். அந்த இரண்டும் வெட்டுகிற காய்கள் இல்லை, பிடித்ததால் கண்ணும் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் நடுவில் ஒரு கட்டம் தாண்டி வைத்திருந்தால் வெளியே ஓடியிருக்கலாம். பதினான்கு புள்ளி அங்கேதான் போனது.

இப்போது 61. மூன்று புள்ளிதான் நஷ்டம் என்று ஏஐ சொல்வது, வெட்டப்பட்ட இரண்டு பாதியையும் அதற்குப் பிறகு தவறே இல்லாமல் காப்பாற்றுகிறவருக்கு. கழைக்கூத்தாடியிடம் வழி கேட்டால் கயிற்றைத்தான் காட்டுவான். 9 கியூவில் இரண்டு பலவீனமான கூட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது யாருக்கும் லேசு இல்லை. எட்டிப் பார்த்தால் முட்டாள்கூட இணைப்பான் என்று கோ ஆடுகிறவர்கள் சொல்வது சும்மா இல்லை. அதனால் உங்கள் குறிப்பில் 61க்கு நேரே "இணைக்காமல் விட்டேன், பிறகு வந்த சண்டை என் கைக்கு மீறியது" என்று எழுதுங்கள். 73க்கு நேரே "பிடிக்க முடிந்ததால் பிடித்தேன், யார் பலவீனம் என்று பார்க்கவில்லை". இந்த இரண்டாவது வரி உங்களுடைய வேறு ஆட்டங்களிலும் வரும், போய்ப் பாருங்கள்.

கேள்வி: இது என்ன நியாயம்? கேட்டாகோ எந்த மனிதனையும்விட பலம். அது மூன்று புள்ளி என்றால் மூன்று புள்ளிதான். நீங்கள் அதைவிடப் பெரிய ஆளா? முதல் தேர்வைப் பார்த்து அப்படியே பழகினால் போதாதா?

நான் பெரிய ஆள் இல்லை, எண்ணும் தப்பில்லை. அது யாருக்குச் சொல்லப்பட்ட எண் என்பதுதான் என் பேச்சு. முதல் தேர்வைப் பார்த்துப் பழகுங்கள் சரி, எதிராளி அடுத்த காயை ஏஐ எதிர்பார்த்த இடத்தில் வைக்காதபோது என்ன செய்வீர்கள்?

அதே நண்பர்: 2016ல் ஆல்ஃபாகோ என்ற ஏஐ, தென்கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை 4–1 என்று ஜெயித்த பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஏஐயைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். அவர்கள் முட்டாள்களா?

அவர்கள் படிக்கிற விதத்தைப் பாருங்கள். 4-4ல் (மூலையில் நான்காவது கோடுகள் சந்திக்கும் புள்ளி) இருக்கும் காய்க்கு அடியில் ஆரம்பத்திலேயே 3-3ல் நுழைவது முன்பெல்லாம் எதிராளிக்கு வெளிச்சுவரைத் தானம் செய்கிற காரியம் என்று திட்டுவார்கள். ஏஐ அதை ஆடியது, அவர்களும் ஆடினார்கள். ஆனால் அந்தச் சுவரை எப்படி உபயோகமில்லாமல் ஆக்குவது என்று தெரிந்துகொண்டு ஆடினார்கள். நம் ஆட்கள் நான்கு மூலையிலும் 3-3 நுழைந்துவிட்டு, நடுவில் எதிராளி கட்டிய கோட்டையைப் பார்த்து முழிக்கிறார்கள். நுழைந்த காய் ஏஐயின் முதல் தேர்வு, அதற்குப் பின்னால் வைத்த காய்கள் உங்கள் தேர்வு.

இடையில் இன்னொருவர்: 2023ல் ஓர் அமெச்சூர் ஏஐயை 15 ஆட்டத்தில் 14 ஜெயித்தாரே, அதை விட்டுவிட்டீர்களே!

உண்மைதான். ஏஐயின் ஓட்டையை முதலில் கண்டுபிடித்ததும் ஒரு கணினி நிரல்தான், அவர் அதைப் பழகிக்கொண்டு ஆடினார். வளையமாகச் சுற்றி நிற்கும் தன் கூட்டம் ஆபத்தில் இருப்பதை அந்த ஏஐ கவனிக்கவில்லை. சுவாரஸ்யமான விஷயம், ஆனால் உங்கள் 9 கியூ ஆட்டத்து ரிவ்யூவில் ஏஐ சொல்வதைத் தள்ளிவிட இது காரணம் ஆகாது. உங்கள் கூட்டம் செத்தது என்று அது சொன்னால் அநேகமாகச் செத்தது.

அதே நண்பர்: அப்படியானால் ஏஐயை நம்பவா வேண்டாமா? ஒரு பக்கம் நில்லுங்கள்.

எங்கே தவறு என்பதற்கு நம்புங்கள். ஏன் தவறு என்பதை அது சொல்லாது, நீங்கள்தான் எழுதணும். முதல் தேர்வு புரியவில்லையா, பட்டியலில் கீழே போய் ஒரு புள்ளி குறைவாக இருந்தாலும் உங்களுக்குப் புரிகிற காயை எடுத்துக்கொள்ளுங்கள். இதோடு இந்த வழக்கை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: இலவசமாக எந்த சாஃப்ட்வேர்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஒரு ஆட்டத்தில் எத்தனை தவறு பார்க்கணும்? எனக்கு நாற்பது சிவப்பு வருகிறது.

மூன்று. தொடக்கத்தில் ஒன்று, சண்டையில் ஒன்று, கடைசிக் கட்டத்தில் ஒன்று. கடைசிக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. எதிராளி கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய காயை முதலில் வைத்துவிட்டு, பிறகு பெரிய இடத்துக்குப் போனீர்களா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: ஜெயித்த ஆட்டத்தையும் பார்க்கணுமா?

கட்டாயம். எதிராளி உங்களைத் தண்டிக்காமல் விட்ட தவறுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: வெற்றி வாய்ப்பு 60லிருந்து 52 ஆனால் பெரிய தவறா?

சதவீதம் வேண்டாம் என்றேனே ஐயா. புள்ளி எவ்வளவு போனது, அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து நிமிட வேக ஆட்டங்களை ரிவ்யூ செய்யலாமா?

நேரம் வீண். யோசிக்காமல் வைத்த காய்க்கு என்ன காரணம் எழுதுவீர்கள்?

கேள்வி: கோமி (இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குத் தரும் ஈட்டுப் புள்ளி) ஏன் சில இடத்தில் 6.5, சில இடத்தில் 7.5?

எண்ணும் முறை வேறு. ஜப்பானிய முறையில் 6.5, சீன முறையில் 7.5. இன்றைய பேச்சு அதுவல்ல.

கேள்வி: ஏணி (அடாரி மேல் அடாரியாகப் படிப்படியாகத் துரத்துவது) பலிக்காது என்று நினைத்து ஓடி, முப்பது காய் இழந்தேன். இதை எப்படி ரிவ்யூ செய்வது?

ஏணி எதிர்மூலைக்குப் போய் முட்டுகிற வழியில் யாருடைய காய் இருந்தது என்று ஓடுவதற்கு முன் பார்த்தீர்களா? இல்லையென்றால் ரிவ்யூ முடிந்தது. பார்த்தும் தவறாகப் படித்திருந்தால், பலகையில் அந்த நிலையைப் போட்டு, காயைத் தொடாமல் கண்ணாலேயே கடைசி வரை ஓட்டிப் பழகுங்கள்.

கேள்வி: என் ஆட்டத்தை நீங்களே பார்த்துச் சொல்வீர்களா?

பார்க்கிறேன். எங்கே குழம்பினீர்கள் என்று மூன்று இடத்திலாவது உங்கள் சொந்த வார்த்தையில் குறிப்பு எழுதி அனுப்புங்கள், ஏஐ காட்டியதை ஒட்ட வேண்டாம். வெறும் கோப்பு வந்தால் திறக்க மாட்டேன்.