இலங்கையில் நல்ல தேயிலையை எல்லாம் ஏற்றுமதி செய்துவிட்டு, கழிவுத் தூளைத்தான் உள்ளூரில் விற்கிறார்களாமே, உண்மையா?

யாழ்ப்பாணத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். லீவுக்கு வந்து யார் வீட்டிலோ கறுத்த தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் கடையிலும் இதே பேச்சுத்தான், அதனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

விளைச்சலில் பெரும்பகுதி கப்பலேறுகிறது, அது உண்மை. ஆனால் கழிவென்று நீங்கள் சொல்கிற, நாங்கள் கடையில் விற்கிற டஸ்ட் என்பது தரையில் கூட்டி அள்ளியதல்ல. தொழிற்சாலையில் சலிக்கும்போது கடைசியாக விழும் பொடி. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் எல்லாம் துகளின் அளவைச் சொல்லும் பெயர்கள். பொடி சின்னதென்றால் சாயம் சட்டென்று இறங்கும். பால்மா போட்டுக் குடிக்கிற எங்களுக்கு அதுதான் தோது. கென்யாவிலிருந்து பாகிஸ்தானுக்குக் கப்பல் கப்பலாகப் போவதும் பாலுக்கு ஏற்ற தூள்தான். காலி, மாத்தறை, இரத்தினபுரித் தேயிலையை ஈராக்கும் துருக்கியும் கேட்டு வாங்குகின்றன. அங்கே பாலில்லாமல் கடுஞ்சாயமாகக் குடிப்பார்கள். 1883 இலிருந்து நடக்கிற கொழும்பு ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் வாங்குகிறவனின் நாக்கைப் பொறுத்துத்தான்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் "ஏற்றுமதிச் சாமான்தான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். தெரிந்தவர் மூலம் நுவரெலியா பி.ஓ.பி. எடுப்பித்தேன். வெளிறிய பொன்நிறச் சாயம், மெல்லிய பூவாசம். ஏலத்தில் நல்ல விலை போகிற சாதி. மனுசன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னடாப்பா, சாயத்தையே காணேல்லை. நீ கடையில விக்கிற தூளைத் தா" என்றார். இரண்டு கிலோ டஸ்ட் ரொறன்ரோ போனது.

கடைக்காரன் வேறென்ன சொல்வான் என்பீர்கள். சொல்லுங்கள். கலப்படமே இல்லை என்று நான் வாதாடவில்லை. சீனி கலந்து எடை கூட்டுகிறவர்களும் உண்டு. அது அவர்களுடைய கள்ளம், டஸ்டின் குற்றமல்ல. கருவாட்டுக்குப் பக்கத்தில் தேயிலை மூட்டையைத் திறந்து வைத்திருக்கும் கடையில் மட்டும் வாங்காதீர்கள், வாடையை இழுத்துவிடும்.

அப்புறம், வெளிநாட்டுச் சொந்தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விலையை டொலருக்கு மாற்றிப் பார்த்து "அட, சும்மா காசு" என்கிறீர்கள். பிறகு ஏன் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறீர்கள்? மச்சானுடைய கணக்கு இன்னும் என் கடன் கொப்பியில் கிடக்கிறது.