புதினம் பார்க்க ஒரு கதிரை

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மச்சாள், கணவரின் தங்கை, 1997இல் கொழும்பை விட்டுப் போனவர். வருகிற டிசம்பரில் தன் கணவருடனும் 19 வயது மகனுடனும் முதன்முறையாகத் திரும்பி வருகிறார். "பின்னேரத்தில் எங்கேயாவது வெளியில் இருந்து, கையில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு, போகிற வருகிற சனத்தைப் பார்க்க வேண்டும், நல்ல இடமாகப் பார்த்து வையுங்கள் மச்சாள்" என்று தொலைபேசியில் கேட்டார். எனக்கு 51 வயது, ஆசிரியை. மது அருந்தியதில்லை, பார் எதனுடைய வாசலையும் மிதித்ததில்லை. என் பழைய மாணவர்கள் இல்லாத தெரு கொழும்பில் இல்லை. எங்கே அழைத்துப் போவது? நானும் கூடப் போய் இருப்பது சரியா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மச்சாள் சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். கிளாஸ் அதில் ஒரு சொல்லாகத்தான் வருகிறது. பின்னேரமும் வெளியும் சனமும்தான் மிச்சமெல்லாம். இருந்து புதினம் பார்க்க, அதாவது போகிற வருகிற சனத்தை வேடிக்கை பார்க்க, ஒரு கதிரை வேண்டும் என்று கேட்கிறார். எங்கள் ஊர் வீடுகளில் அந்தக் கதிரை முன் விறாந்தையில் கிடந்தது. கொழும்பின் அடுக்குமாடிகளில் விறாந்தையும் இல்லை, படலையும் இல்லை என்பதால், அதை வெளியே போய்த் தேட வேண்டியிருக்கிறது.

எனவே குடிவகைப் பட்டியலைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். கதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது, அதற்கு முன்னால் யார் நடந்து போவார்கள் என்பதைப் பாருங்கள். இந்த அளவுகோலில், இப்போது எல்லோரும் புகழ்கிற மொட்டைமாடி பார்கள் முதலிலேயே விழுந்துவிடுகின்றன. உறவினர் ஒருவரின் பிறந்தநாளுக்கு அப்படியோர் இடத்துக்குப் போயிருந்தேன். தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தது, துறைமுகத்து விளக்குகள் தெரிந்தன, அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கீழே மனிதர்கள் புள்ளிகளாகிவிட்டார்கள், இசையோ பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் குரலை விழுங்கிவிட்டது. நகரத்தைப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு அது போதும். உங்கள் மச்சாளுக்குப் போதாது.

அவரை நான் முதலில் அழைத்துப்போகச் சொல்வது காலிமுகத்திடலின் தெற்கு முனையில் இருக்கும் கோல் ஃபேஸ் ஹோட்டலுக்கு. 1864இல் தொடங்கப்பட்டது. கடலோரமாக அதற்குத் திறந்த முற்றம் ஒன்று உண்டு, செக்கர்போர்ட் என்று பெயர். கூரையோடு கூடிய நீண்ட விறாந்தையும் உண்டு. அறை எடுத்துத் தங்காதவர்களும் அங்கே வந்து ஒரு தேநீரோ ஒரு லயன் பியரோ கேட்டு வாங்கி, நெடுநேரம் இருந்துவிட்டுப் போகலாம். டிசம்பரில் கொழும்பில் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கு மறையும். ஆகவே 5 மணிக்கே போய் இடம் பிடியுங்கள், பண்டிகைக் காலமாதலால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைப்பது இன்னும் நல்லது. பொழுது சாயும்போது பாக்பைப் என்ற ஸ்கொட்லாந்துக் குழல் வாத்தியம் வாசித்துக் கொடி இறக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. ஐந்து நிமிடக் காரியந்தான், என்றாலும் அத்தனை மேசைகளிலும் பேச்சு நின்றுபோவதைப் பார்க்கலாம்.

அந்த ஹோட்டலின் வாசலில் சாத்துக்குட்டன் என்றொருவர் நின்றார். கேரளத்திலிருந்து வந்தவர். 1942இல் வேலைக்குச் சேர்ந்து, 2014இல் 94 வயதில் காலமாகும் வரை அந்த ஹோட்டலின் ஆளாகவே இருந்தார். வெள்ளைச் சீருடையும் வெள்ளை மீசையுமாக அவர் கைகூப்பி வரவேற்றதை உங்கள் மச்சாளும் அந்த வீதியால் போகும்போது கண்டிருக்கக்கூடும். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்புக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்த மனிதர் அவர், அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே எதைப் பார்ப்பது என்று கேட்டால், நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். திருமணச் சோடிகள் படம் எடுக்க அங்கே வருவது வழக்கம். ஒரு சனிக்கிழமை, கண்டிய ஒசரி உடுத்த மணமகளும் நிலமே உடையில் மணமகனும் கடல் சுவரருகே நின்றார்கள். காற்று பலமாக அடித்தது. மணமகனின் கோணத் தொப்பி கழன்று உருண்டோட, தட்டில் நான்கு கிளாஸ்களோடு வந்த பரிசாரகர் ஒருவர் தட்டைச் சரிக்காமலே ஒரு காலை நீட்டி அதை மறித்தார். மணமகள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைய படங்களிலேயே அழகானது அந்தச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், ஆனால் படப்பிடிப்பாளர் அப்போது வில்லை மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் இருந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதியரும், அடுத்த மேசையில் பிள்ளைகளுடன் இருந்த முஸ்லிம் குடும்பமும், நானும் ஒரே நேரத்தில் கைதட்டினோம். நாங்கள் யாரும் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியவர்கள் அல்லர்.

ஹோட்டலுக்குள் நுழையுமுன் அரை மணி நேரம் திடலில் நடந்துவிட்டுப் போங்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த உலாவீதியை முடித்தபோது, கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. "நானும் போகலாமா" என்று கேட்ட நீங்கள் அதை ஒரு தடவை நின்று வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. இறால் வடை வேண்டுமானால் திடலிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது இடத்தைச் சொல்லுமுன் கொஞ்சம் யோசித்தேன். கோட்டையில் இருக்கும் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை, ஊரார் வாயில் டச் ஹொஸ்பிட்டல், 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையுமாக, ஐந்து நீளக் கட்டடங்கள் இரண்டு முற்றங்களைச் சுற்றி நிற்கின்றன. 2011 டிசம்பரில் அதைத் திருத்திக் கடைகளும் உணவகங்களும் பார்களுமாகத் திறந்தார்கள். வாகனம் நுழையாத முற்றத்தில் மேசை போட்டிருப்பார்கள். அலுவலகம் விட்டு வரும் இளையவர்கள், கையில் வரைபடத்தோடு சுற்றுலாப் பயணிகள், ஐஸ்கிறீமுக்கு அடம்பிடிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் உங்கள் முழங்காலைத் தொடுமளவு நெருக்கத்தில் கடந்து போவார்கள். புதினம் பார்க்கக் கொழும்பில் இதைவிட வசதியான முற்றம் எனக்குத் தெரியாது. மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் பங்காளிகளாகத் தொடங்கிய நண்டு உணவகமும் அங்கேதான் இருக்கிறது. விலை அதிகம், முற்பதிவும் வேண்டும். உங்கள் நோக்கத்துக்கு அது தேவையில்லை.

நான் யோசித்தது வேறொன்றுக்காக. அதே கட்டடந்தான் 1980களிலிருந்து கோட்டைப் பொலிஸ் நிலையமாக இருந்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது அதுவும் சேதமடைந்தது. எதிரே நிற்கும் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் உங்கள் மச்சாள் புறப்பட்ட அதே 1997இன் ஒக்டோபரில் திறக்கப்பட்டன. சில நாட்களுக்குள் அதனருகிலும் குண்டு வெடித்தது. அவர் நினைவில் இருக்கும் கோட்டை சோதனைச் சாவடிகளின் கோட்டை. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, பெயரையும் பிறந்த ஊரையும் யாராவது வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்களே என்று காத்து நின்ற இடம். அந்த ஆண்டுகளில் இந்த நகரத்தில் எங்களைப் பிறர் பார்த்தார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். அதே கல் முற்றத்தில் ஒரு கதிரையில் சாய்ந்திருந்து, அவசரமில்லாமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், திடீரென்று தொண்டையை அடைக்கவும் செய்யலாம். ஆகவே முதல் நாளே அங்கே அழைத்துப் போகாதீர்கள். இடத்தின் கதையை வீட்டில் வைத்தே சொல்லுங்கள், போகலாமா என்று அவரையே கேளுங்கள்.

அமைதியாகப் பேச வேண்டிய நாளுக்கு, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்து இப்போது கலரி கஃபேயாக இருக்கும் முற்றத்து வீடு பொருத்தமானது; அங்கே சனத்தைவிட மரநிழலும் தண்ணீரும்தான் அதிகம். வெள்ளவத்தையிலிருந்து ரயில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது கல்கிசை. அங்கே 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கட்டத் தொடங்கிய மாளிகையே மவுண்ட் லவீனியா ஹோட்டலாக வளர்ந்தது. ஞாயிறு பின்னேரம் அதன் கடல் முற்றத்தில் இருந்தால், கீழே மணலில் பட்டம் விடுகிறவர்களும் ஆடையோடு கடலில் இறங்கும் குடும்பங்களும் கண்ணுக்கு விருந்து.

தெரிந்திருக்க வேண்டிய சில காரியங்கள். போயா என்ற முழுநிலா விடுமுறை தினத்தில் நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது, டிசம்பரிலும் ஒரு போயா வரும், நாட்காட்டியைப் பார்த்து நாளை வையுங்கள். உங்கள் மருமகனுக்கு 19 வயது. ஒன்ராறியோவில் அந்த வயதில் மது வாங்கலாம், இங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். மேசையில் வைத்துப் பையனை வெட்கப்படுத்தாமல், வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 வீதமாகிவிட்ட வற் என்ற பெறுமதி சேர் வரியும் மேலதிகமாகச் சேரும். விருந்தாளிக்கு முன்னால் பில்லைப் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்க இது உதவும். வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு பிக்மீ செயலியில் ஆட்டோ பிடித்துப் போய் வாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று தவறணைக்குள், அதாவது சாராயக் கடைக்குள், பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்க, சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே இரத்துச் செய்யப் பணித்தார். சட்டப் புத்தகத்தில் இந்த இழுபறி நடந்தாலும், நான் சொன்ன இடங்களில் பெண்கள் தனியாகவும் குடும்பத்தோடும் வந்து இருப்பது அன்றாடக் காட்சி. தவறணை வேறு, இந்த முற்றங்கள் வேறு. நீங்கள் தாராளமாகப் போகலாம். குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. தேசிக்காய் சோடா கேளுங்கள், அல்லது உங்கள் மச்சாளின் கணவர் தென்னஞ்சாராயத்தில் கலந்து குடிக்கப்போகிற அதே ஜிஞ்சர் பியரை வெறுமனே வாங்கிக் குடியுங்கள், பெயரில்தான் பியர் இருக்கிறது. பைட்ஸ் என்று கேட்டால் கஜுவும் கணவாய்ப் பொரியலும் வரும். கஜு தட்டை மூடி வையுங்கள், கடலோர மேசைகளில் காகம் மிகவும் உரிமை எடுத்துக்கொள்ளும்.

பழைய மாணவர் ஒருவர் உங்களைக் கண்டால், நீங்களே முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கனடாவில் இருந்து வந்த என் மச்சாள்" என்று அறிமுகப்படுத்திவிடுங்கள். ஒளிந்திருப்பவரைப் பார்ப்பதற்குத்தான் எங்கள் ஊரில் விடுப்பு என்று பெயர். அந்த வேறுபாட்டை நீங்களும் உங்கள் மேசையில் காத்துக்கொள்ள வேண்டும்: ஒருவருடைய முகத்தையும் நடையையும் பார்த்து மகிழ்வது புதினம் பார்ப்பது, அவர் யாருடன் வந்தார், எதற்கு வந்தார் என்று துருவுவது விடுப்பு. கைபேசியால் முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுக்க மருமகனை விடாதீர்கள்.

கோல் ஃபேஸில் வடக்கு ஓரத்து மேசை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மச்சாளைக் கடலைப் பார்த்த கதிரையில் இருத்தி, நீங்கள் திடலைப் பார்த்ததில் இருங்கள். சூரியன் மறைந்து கடல் கறுத்ததும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்; வடைக் கடைகளின் விளக்குகள் ஏற்றி, சனம் திடலுக்கு இறங்குவது அப்போதுதான்.