கேள்வி – பதில்: செங்கல் உடைக்கும் வீடியோ கேம்கள்

கேள்வி: தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேமில், பந்தால் செங்கல்லை உடைக்கும் ஆட்டத்தை அண்ணன் தம்பிகள் முறைவைத்து ஆடுவோம். இப்போது அதே போன்ற ஆட்டத்தை என் மகன் செல்போனில் ஆடுகிறான். வாங்கி ஆடிப் பார்த்தால் எனக்குப் பிடிபடவே இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா, ஆட்டம் மாறிவிட்டதா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வயதின் மேல் பழி போட வேண்டாம். மாறியிருப்பது, பந்தைத் தடுத்து மேலே திருப்பும் மட்டையை நகர்த்தும் கருவி. இந்த வகை ஆட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வகைக்கு மூலம், அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 'பிரேக்அவுட்'. காசு போட்டு ஆடும் அந்தப் பெட்டியில் மட்டையை நகர்த்துவதற்கு ஜாய்ஸ்டிக் கிடையாது. திருகு குமிழ் ஒன்றுதான் இருந்தது. குமிழை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு தூரத்துக்கு மட்டை உடனே போய் நிற்கும். மெதுவாகத் திருப்பினால் மயிரிழை அளவு நகரும். வெடுக்கென்று திருப்பினால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாயும். உங்கள் வீட்டு டிவி கேமில் இருந்ததோ அம்புக்குறிப் பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டை தனக்கென்று வைத்த வேகத்தில்தான் போகும். இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை எப்பேர்ப்பட்ட கைத்திறனாலும் குறைக்க முடியாது. ஆகவே, பந்து இறங்கப்போகும் இடத்தை முன்கூட்டியே கணித்து, மட்டையை அங்கே நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் உங்கள் கையில் படிந்திருக்கும். செல்போனில் விரல் போகும் இடத்துக்கெல்லாம் மட்டையும் உடன் போய்விடுகிறது. ஆனால் திருப்புவதற்கும் அழுத்துவதற்கும் அங்கே எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, பந்து மட்டையில் படும் அந்த நொடியில் விரலே அந்த இடத்தை மறைத்துவிடுகிறது.

மட்டைக்குக் கீழே விரல் வைப்பதற்கென்று காலி இடம் விட்டிருக்கும் ஆட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும். கணினி இருந்தால் மவுஸை வைத்து ஆடுங்கள். இன்று எளிதில் கிடைப்பவற்றில் குமிழுக்கு நெருங்கி வருவது அதுதான். 2001-இல் வந்த முதல் ஐபாட் பாட்டுக் கருவியில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த செங்கல் ஆட்டம் அவ்வளவு இயல்பாகக் கைக்கு வந்ததற்கும் காரணம் உண்டு: பாட்டுத் தேடுவதற்காக வைத்த சுழல் சக்கரம், திருகு குமிழின் வேலையையே செய்தது.

கேள்வி: பந்து ஒரே கோணத்தில் வந்தாலும் மட்டையில் பட்டு வேறு வேறு கோணங்களில் திரும்புகிறது. இது அதிர்ஷ்டமா?
– பள்ளி மாணவர், வியாசர்பாடி

பதில்: அதிர்ஷ்டம் இல்லை, தம்பி. உங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு பார்த்திருப்பீர்கள். காய் கட்டையில் எந்தக் கோணத்தில் மோதுகிறதோ, ஏறக்குறைய அதே கோணத்தில் திரும்பும். செங்கல் ஆட்டத்தில் பக்கச் சுவர்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. மட்டை அப்படி அல்ல. மட்டையைச் சில பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தைத் தருமாறு பெரும்பாலான ஆட்டங்களில் அமைத்திருக்கிறார்கள். நடுவில் பட்டால் பந்து செங்குத்தாக ஏறும். ஓரத்துக்குப் போகப் போகச் சாய்ந்து பாயும். பந்தைத் தவறவிடாமல் தடுப்பது முதல் பாடம். எந்தப் பகுதியால் தடுப்பது என்று முடிவு செய்யத் தொடங்கும்போதுதான் உண்மையான ஆட்டம் பிறக்கிறது.

அப்படி முடிவு செய்யத் தெரிந்தவர்கள் முதலில் ஓரத்துச் செங்கற்களை மட்டும் உடைத்து மேல்வரை ஒரு வழி உண்டாக்குவார்கள். அதன் வழியே ஏறிய பந்து, மேல் சுவருக்கும் செங்கற்களுக்கும் இடையே மாறி மாறி மோதித் தானாகவே செங்கற்களைத் தகர்க்கும். டீப்மைண்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அட்டாரி ஆட்டங்களில் பழக்கிய கணினி நிரலும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த உத்தியைக் கண்டுகொண்டது. அந்த ஆய்வு 2015-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. ஆனால் பழைய பிரேக்அவுட் பெட்டியில் இதற்கு ஒரு விலை உண்டு. பந்து செங்கற்களைத் துளைத்து மேல் சுவரைத் தொட்டதும் மட்டை பாதியாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஸ்டீவ் ஜாப்ஸ் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அட்டாரி அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தது, செய்து முடித்தவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் வாஸ்னியாக். நான்கே நாளில், மிகக் குறைந்த சில்லுகளைக் கொண்டு அவர் வடிவமைத்தார். அது அளவுக்கு மீறிச் சிக்கனமாக இருந்ததால் அட்டாரி அதை அப்படியே தயாரிக்க முடியாமல் வேறு வடிவமைப்பையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்குள் நிரலும் இல்லை, நுண்செயலியும் இல்லை, வெறும் மின்சுற்றுகள்தான். திரைகூடக் கறுப்பு வெள்ளைதான். மேலே ஒட்டிய வண்ணத் தாள்கள்தான் செங்கற்களுக்கு நிறம் கொடுத்தன. பின்னர் ஆப்பிள் II கணினியை வடிவமைத்தபோது, இந்த ஆட்டத்தை பேசிக் (BASIC) என்னும் நிரல் மொழியில் எழுதிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் வண்ணம், ஒலி, திருகு குமிழ் ஆகியவற்றை அதில் சேர்த்ததாக வாஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஆட்டத்தைப் பொறுத்தது. பிரேக்அவுட்டில் வரிசைக்கு 14 வீதம் 8 வரிசைகள். மஞ்சளுக்கு 1, பச்சைக்கு 3, ஆரஞ்சுக்கு 5, சிவப்புக்கு 7 புள்ளிகள். ஒரு சுவருக்கு 448. இரண்டு சுவர்களை உடைத்து 896 எடுத்துவிட்டால் ஒருவர் ஆடும் ஆட்டத்தில் மூன்றாவது சுவர் வராது. டைட்டோ நிறுவனம் 1986-இல் வெளியிட்ட, இதே வகை ஆட்டமான ஆர்க்கனாய்டில் 33 கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் செங்கல்லுக்குப் பதில் டோ என்னும் பெரிய முகத்தைத் தாக்க வேண்டும்.

கேள்வி: மாமா கொடுத்த பழைய அட்டாரி குமிழைக் கணினியில் இணைத்து ஆடுகிறேன். மட்டை நடுங்குகிறது. புதிய டிவியில் ஆடினால் தாமதமும் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் குமிழுக்குள் இருக்கும் மாறு மின்தடையில் படிந்த அழுக்கு. இணைப்பைக் கழற்றி, கைப்பிடியைத் திறந்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது உள்ளே அடித்து, குமிழை இரு கோடிகளுக்கும் பலமுறை திருப்புங்கள். நன்றாக உலர்ந்த பிறகு இணையுங்கள். தாமதம் டிவியின் வேலை. பழைய பிக்சர் ட்யூப் டிவி, வரும் படத்தை அப்படியே காட்டிவிடும். புதிய டிவியோ படத்தை மெருகேற்றிவிட்டுக் காட்டுகிறது. செட்டிங்ஸில் கேம் மோடைப் போட்டால் அந்த மெருகேற்றும் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். அதன் பிறகும் பந்து மட்டைக்கு முந்தினால், டிவியை விட்டுவிட்டுக் கணினி மானிட்டரில் ஆடுங்கள். குமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள்.