‘ப்ஸிக்யட்ரிக்’: நான்கு அசையா, மூன்றா?

மனநலம் சார்ந்த என்ற பொருளில் வரும் இந்த பிரெஞ்சுச் சொல்லை (psychiatrique) ஸை-கி-யாட்-ரிக் என்று நான்காகப் பிரித்ததாகவும், ஆசிரியர் மூன்றுதான் என்று அடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆசிரியர் சொன்னது சரி: ப்ஸி-க்ய-ட்ரிக்.

உங்களை ஏமாற்றியது ஆங்கிலம். ஆங்கிலத்தில் முதல் ‘பி’ ஊமை. பிரெஞ்சில் அது ஒலிக்கும். ஆனால் ‘பிஸி’ ஆகிவிடக் கூடாது. ‘சிப்ஸ்’ என்று சொல்லி, ‘சி’யை விழுங்கிவிட்டு மீதியிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

நடுவில் ‘சி-எச்’ ‘க்’ ஆகும், அதோடு ‘ஐ’, ‘ஏ’ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ‘க்ய’ என ஒரே அசையாகிவிடும். ‘ட்ர’வையும் உடைக்காதீர்கள், நாம் பழக்கத்தில் ‘க்யட்-ரிக்’ என்போம், அவர்கள் ‘ட்’டை அடுத்த அசைக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசி ‘க்யூ-யூ-இ’ வெறும் ‘க்’தான். அழுத்தமும் கடைசி அசையில். ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, அது ஒரு நிம்மதி.

அப்புறம், ‘சி-எச்’ எங்கும் ‘க்’ என்று நம்பிவிடாதீர்கள். அறுவை சிகிச்சை சார்ந்த ‘ஷிருர்ஜிகல்’ என்பதில் அதே எழுத்துகள் ‘ஷ்’.