முதல் டிர்ண்டில் சிவப்பில் எடுக்கலாமா?

மியூனிக் வந்து ஐந்து மாதம் ஆகிறது, செப்டம்பரில் கணவருடைய அலுவலகத்தார் வீஸ்னுக்கு (அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அழைத்திருக்கிறார்கள், அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், இரண்டுக்கும் சேர்த்து இந்த ஊர்ப் பெண்களின் பாரம்பரிய உடையான டிர்ண்டில் ஒன்று சிவப்பில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம் நிறத்துக்கு அது எடுபடுமா, தாலியும் பொட்டுமாகப் போட்டால் யாராவது தப்பாக நினைப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுங்கள். நான் வந்து 14 வருடம் ஆகிறது. என்னிடம் இருப்பது இரண்டு டிர்ண்டில், இரண்டுமே சிவப்பு.

ஆனால் எந்தச் சிவப்பு என்று பாருங்கள். வீஸ்ன் நெருங்கும்போது மலிவு விலையில் தொங்கவிடுவார்களே, பளபளவென்ற மிளகாய்ப்பழச் சிவப்பு, சிவப்பு வெள்ளைக் கட்டம், அவை வேண்டாம். அவை மாறுவேடப் போட்டிக்குப் போடுகிற உடை மாதிரி இருக்கும், ஊர்க்காரர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் அரக்குக்குப் பக்கத்தில் வருகிற சிவப்பைத் தேடுங்கள். கடையில் ‘வைன்ரோட்’, அதாவது ஒயின் சிவப்பு, என்று கேட்டால் காட்டுவார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த நிறம் எவ்வளவு எடுப்பு என்று கூறைப் புடவை கட்டியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துணி பருத்தியாகவோ லினனாகவோ இருக்கட்டும். கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

டிர்ண்டில் என்பது ஒரே துணி இல்லை. உடம்பைப் பிடித்து நிற்கும் மேல்பகுதி மீடர், அதோடு சேர்ந்த பாவாடை, உள்ளே மார்புக்குக் கீழே முடிந்துவிடும் வெள்ளை ப்ளவுஸ், முன்னால் கட்டும் ஏப்ரன். இதில் காசு போட வேண்டியது மீடரில்தான். நான் முதல் வருடம் இணையத்தில் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். தோளில் தளர்வு, இடுப்பில் இறுக்கம். வீஸ்னில் பீர் கூடாரத்தில் உட்கார்ந்தால் மேல்பகுதி காதுவரை ஏறியது. அன்று மழை வேறு. சாயம் போய் வெள்ளை ப்ளவுஸின் கையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அடுத்த வருடம் ஒரு வயதான தையல்காரம்மாவிடம் போனேன். அவர் ஒரு மீடரை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கத் தையல்களில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் துணி விட்டிருந்தது. ஊரில் நம் டெய்லர் ரவிக்கைக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பாரே, பிள்ளை பெற்ற பிறகு பிரித்துப் போட்டுக்கொள்ள, அதே யோசனை! அந்த ஒரு நிமிடத்தில் இந்த உடை எனக்கு அந்நியமாக இல்லாமல் போனது. நீங்களும் வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணி விட்டிருந்தால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை.

போட்டுப் பார்க்கும்போது மீடர் ஒரு சுருக்கமும் இல்லாமல் படிந்து நிற்க வேண்டும், மூச்சு முட்டக் கூடாது. நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள். பாவாடையின் நீளத்தை இடுப்பிலிருந்து சென்டிமீட்டரில் சொல்வார்கள். 50 என்றால் முழங்காலுக்கு மேலே நிற்கும். நம் உயரத்துக்கு 70 வாங்கினால் முழங்காலைத் தாண்டி அழகாக விழும், கல்யாணத்துக்கும் அதுதான் பொருத்தம். கழுத்து இறக்கம் கூச்சமாக இருந்தால் கழுத்துவரை மூடிய லேஸ் ப்ளவுஸ் கிடைக்கிறது. அரக்குச் சிவப்புக்கு அது மிக நன்றாக இருக்கும்.

ஒரே உடையை இரண்டு விசேஷத்துக்கும் ஆக்குவது ஏப்ரன்தான். வீஸ்னுக்குப் பாசிப் பச்சையிலோ சாம்பலிலோ பருத்தி ஏப்ரன். கல்யாணத்துக்குப் பழைய ரோஜா நிறத்திலோ மங்கின பொன் நிறத்திலோ பட்டு. பளிச்சென்ற பச்சை மட்டும் வேண்டாம், கிறிஸ்துமஸ் அலங்காரம் ஆகிவிடும். ஏப்ரன் பாவாடையைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருக்கட்டும். முடிச்சு உங்கள் வலது கைப்பக்கம் வர வேண்டும், அது மணமானவள் என்பதற்கு அடையாளம். இடது பக்கம் கட்டினால் ஆள் தேடுகிறாள் என்று அர்த்தம். பின்னால் கட்டுவது விதவைகளும் பரிமாறும் பெண்களும்.

நகைக்கு வருகிறேன். மீடரின் பொத்தானும் கொக்கியும் பெரும்பாலும் வெள்ளி நிறம், அதனால் வெள்ளி ஜிமிக்கி போட்டுப் பாருங்கள், அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். தாலிக்கொடியை ப்ளவுஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பொட்டு தாராளமாக வையுங்கள், நான் ஒருமுறைகூட எடுத்ததில்லை. ஒற்றைப் பின்னல் போதும். காலுக்குக் குட்டைக் குதிகால் வைத்த பக்கிள் ஷூ. ஊசிக் குதிகால் போட்டுக்கொண்டு கூடாரத்தின் மரத்தரையில் நடக்க முடியாது. இருட்டினால் குளிரும், இடுப்போடு நிற்கும் பின்னல் ஜாக்கெட் ஒன்று கட்டாயம். கைப்பை மூன்று லிட்டருக்கு மேல் இருந்தால் வீஸ்ன் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

‘நாம் போடலாமா’ என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். வேலைக்காரப் பெண்களின் உடையாக இருந்த டிர்ண்டிலை நகரத்துப் பெண்கள் ஆசைப்பட்டு வாங்கும் உடையாக ஆக்கியதில் பெரும்பங்கு யூலியுஸ், மோரிட்ஸ் வாலாஹ் என்ற சகோதரர்களுக்கு உண்டு. அவர்கள் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்காரர்கள் இல்லை. வெளியூரிலிருந்து வந்த யூதர்கள். 1900இல் மியூனிக்கில் கடை போட்டார்கள், 1910இல் அக்டோபர்ஃபெஸ்ட்டின் நூறாவது ஆண்டு ஊர்வலத்துக்கு உடை செய்து கொடுத்தார்கள். 1938இல் நாஜி ஆட்சி அந்தக் கடையை அவர்களிடமிருந்து பறித்தது. அதே வருடம் ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க்கில் யூதர்கள் இந்த மாதிரி உடை அணியவே தடை போட்டார்கள். யார் போடலாம், யார் போடக்கூடாது என்று சட்டம் போட்டவர்கள் யார் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தத் தயக்கமே போய்விட்டது. என் அனுபவத்தில், பார்த்துப் பார்த்து உடுத்தியிருந்தால் இங்குள்ள பாட்டிகள் பக்கத்தில் வந்து முடிச்சைச் சரிசெய்துவிட்டுத்தான் போகிறார்கள்.

புதிதாக நல்லது வேண்டும் என்றால் 200 யூரோவாவது ஒதுக்குங்கள். கைவசம் அவ்வளவு இல்லையென்றால் பழைய துணிக் கடைகளில் தேடுங்கள், நன்றாகத் தைத்த உடைகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். என் இரண்டாவது டிர்ண்டில் அப்படி வந்ததுதான். முதல் சலவையில் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். அளவு திருத்த வேண்டியிருந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் தையல் கடையில் கொடுத்துவிடுங்கள், செப்டம்பரில் எந்தக் கடையிலும் தேதி கிடைப்பது கஷ்டம்.