1971 போரில் பறந்த மிக்-21 மாடலுக்குச் சரியான பச்சை எது, அதை எங்கே தேடுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானப்படைக்காரன் இல்லை, வரலாற்று ஆய்வாளனும் இல்லை. தண்டையார்பேட்டையில் லாரி, டிரெய்லர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டுகிறவன். பெயிண்ட் பற்றிக் கொஞ்சம் தெரியும், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் "மியூசியத்திலோ பீடத்திலோ நிற்கிற விமானத்தைப் போட்டோ எடுத்து அதே கலரைக் கலந்துவிட்டால் சரியாக இருக்கும்தானே?" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி கண்ணில் படாமல் இருந்திருந்தால் பேசாமல் போயிருப்பேன். கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. கிட் வாங்கவே மாதக்கணக்கில் காசு சேர்த்திருப்பீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: பீடத்தில் நிற்கிற விமானத்தின் பெயிண்டை நம்பாதீர்கள். அப்படி ஒரு விமானத்துக்குப் பெயிண்ட் அடித்த ஆட்களில் நானும் ஒருத்தன்.

என் பெரியப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு காலத்தில் எந்த ஜவுளிக்கடையை நிமிர்ந்து பார்த்தாலும் அவர் எழுத்துதான். ஸ்கேல் வைக்காமல் 'ஸ்ரீ' போடுவார், சுழி எங்கேயும் தடிக்காது. அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு நாள் முழுக்க நின்று எழுதுகிற போர்டை அரை மணி நேரத்தில் மெஷின் துப்பிவிடும், விலையும் பாதி. கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வியாபாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் ஆறே மாதத்தில் கிழிந்து மின்கம்பியில் தொங்கும்போது "அட, பழைய போர்டு அப்படியே இருந்திருக்கலாம்" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது கைப்போர்டுக்குப் பெரிய காபிக் கடைக்காரர்கள் 'விண்டேஜ்' என்று பேர் வைத்துக் காசைக் கொட்டுகிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள்தான் மிச்சமில்லை. சரி, இது வேறு கதை.

போர்டு வேலை போன பிறகு தண்ணீர் டேங்க், கேட், கோயில் தேர் என்று கிடைத்ததையெல்லாம் பெரியப்பா செய்தார். அப்படி வந்ததுதான் ஒரு கல்லூரி வாசலில் நின்ற பழைய மிக் விமானம். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். யாரோ பெரிய விருந்தாளி வருகிறார், அதற்குள் "மிலிட்டரி கலர்ல" அடித்து முடிக்க வேண்டும் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டுப் போனார். மாதிரிக்குக் கையில் கொடுத்தது பேப்பரில் வெட்டிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

சாரத்துக்குக் கீழே டப்பாவைக் கலக்கியது நான். லாரிக்கு அடித்து மிச்சமிருந்த டீப் பிரன்ஸ்விக் கிரீன், அதில் கோல்டன் யெல்லோ கொஞ்சம், கறுப்பு கொஞ்சம். பெரியப்பா குச்சியால் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் தடவி, ஊதிக் காயவைத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு சொட்டு கறுப்பு விடுறா" என்பார். பளபளப்பு தெரியக்கூடாது என்று டர்பெண்டைனைக் கூட்டினார். பழுப்புத் திட்டுகளுக்கு ஒரு கேட்டுக்கு வாங்கியதில் மீந்த டார்க் பிரவுன். இறக்கையில் இருக்கும் வட்டச் சின்னத்துக்கு ஆணியும் சணல் கயிறும்தான் காம்பஸ், காவிக்குக் கடையில் கிடைத்த டீப் ஆரஞ்ச். வேலை அருமையாக வந்தது. பெரியப்பா கை அப்படி. ஆனால் அந்தப் பச்சை அவர் நகத்தில் பிறந்த பச்சை. 1971-க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பல வருஷம் கழித்து மாடல் செய்கிறவர்கள் குழு ஒன்றில் ஒருத்தர் அதே விமானத்தின் படத்தைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டிருந்தார். "இதோ ஒரிஜினல் போர்க்காலப் பச்சை, உரிந்த இடத்தைப் பாருங்கள்" என்று அதற்கு அமெரிக்க ஷேட் நம்பர் ஒன்றையும் கொடுத்திருந்தார். கீழே எல்லோரும் நன்றி, நன்றி. அந்தப் பச்சையைக் கலக்கியது நாங்கள் என்று எழுதினேன். "உங்கள் பெரியப்பா விமானப்படையில் எந்தப் பிரிவில் இருந்தார்?" என்று கேட்டார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எல்லா மியூசியமும் அப்படி இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பழைய பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து, ஆவணம் பார்த்து அடிக்கிற இடங்கள் உண்டு. ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கிற விமானத்துக்கு வெளி ஆள் வைத்து மேலே மேலே அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். எனாமல் வெயிலில் வெளுத்து, தேய்த்தால் கையில் மாவாக ஒட்டும். உருவத்துக்கும் பேனல் கோட்டுக்கும் (தகடுகள் சேருகிற கோடு) அந்த விமானத்தைப் பாருங்கள், தாராளமாக அளந்துகொள்ளுங்கள். நிறத்துக்கு மட்டும் வேண்டாம்.

இப்போது உங்கள் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21-ஐத்தான் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அது மிக்-21-இல் எஃப்எல் (FL) என்கிற ரகம். நம்மிடம் வந்தபோது அவை பெயிண்டே இல்லாத வெறும் உலோகம். போர் நெருங்கிய சமயத்தில்தான் மறைவு வண்ணம் ஏறியது. அதையும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சாக அடிக்கவில்லை, அந்தந்த ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவில்) கிடைத்ததைக் கொண்டு அடித்தார்கள். அதனால் 'சரியான பச்சை' என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. இந்த நம்பர் உள்ள விமானம் இந்த மாதத்தில் எப்படி இருந்தது என்றுதான் தேட வேண்டும்.

தேதி தெரிந்த படம் வேண்டும். வால் பக்கம் C என்று தொடங்கும் நம்பர் தெரிந்தால் இன்னும் நல்லது. பாரத் ரக்ஷக் இணையதளத்தில் பழைய விமானப்படைப் படங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே தொடங்குங்கள். ஆனால் அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட் காலப்போக்கில் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிடும், பச்சை பழுப்பாகத் தெரியும். படத்தில் நிறம் தெரிந்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிமென்ட் தரை ரோஜா நிறத்தில் இருந்தால் விமானத்தின் பச்சையையும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடைக்காது, ஆனால் திட்டு எங்கே முடிகிறது, ஓரம் பிரஷ்ஷா ஸ்ப்ரேயா என்பது நன்றாகத் தெரியும். எனக்கு அதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

எஃப்.எஸ். 595 நம்பர் சொல்லி மிரட்டுவார்கள். அது அமெரிக்க அரசு வெளியிட்டு வந்த ஷேட் கார்டு. ஐந்து இலக்கத்தில் முதலாவது பளபளப்பு: 1 என்றால் பளபளக்கிற கிளாஸ், 3 என்றால் பளபளக்காத மேட். இரண்டாவது நிறக் குடும்பம்: 4 பச்சை, 6 சாம்பல். அமெரிக்க எஃப்-16 விமானம் செய்தால் 36118, 36270, 36375 என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம் ஹண்டர் விமானம் பிரிட்டிஷ் வண்ணத்தில் வந்தது, அதற்கு பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் ஷேட் கார்டில் 641 பச்சை, 638 சாம்பல். ஆனால் ரஷ்ய வடிவமைப்பு, நம் ஊர் ஹேங்கரில் அவசரத்தில் அடித்த பெயிண்ட், இதற்கு அமெரிக்க நம்பர் கொடுத்தால் 'ஏறக்குறைய இது மாதிரி' என்றுதான் அர்த்தம்.

நிறத்தை விட எளிதில் மாட்டிக்கொள்கிற இடம் உருவம். எஃப்எல்லில் விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி ஒரே துண்டு, முழுதாக முன்பக்கம் தூக்கும். பின்னால் வந்த ரகங்களில் முன்கண்ணாடி தனி, மூடி பக்கவாட்டில் திறக்கும். எஃப்எல்லுக்கு ஒவ்வொரு இறக்கையிலும் ஆயுதம் மாட்டும் தாங்கி ஒன்றுதான். கிட்டில் இரண்டு இருந்தால் அது வேறு ரகம். உடலுக்குள் பீரங்கியோடு வந்த எம் ரகம் நாசிக்கில் தயாராகி வந்தது 1973-இல், அதை 1971 என்று சொல்ல முடியாது. டாக்கா தாக்குதலுக்கு ஏவுகணை மாட்டாதீர்கள், 57 மி.மீ. ராக்கெட் கூடு மாட்டுங்கள். காக்பிட் உள்ளே நீலம் கலந்த பச்சை, சக்கரத்தின் நடு வட்டு பளிச்சென்ற பச்சை. வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை.

ஒரிஜினல் ஷேடே கிடைத்தாலும் அதை அப்படியே அடிக்காதீர்கள். நிஜத்தில் 7.15 மீட்டர் இறக்கை உங்கள் கையில் பத்து சென்டிமீட்டர்கூட வராது, அதில் அடர்நிறம் கறுப்பாகத்தான் தெரியும். நான் கொஞ்சம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ சேர்த்துவிடுவேன். எவ்வளவு என்று கேட்டால் பெரியப்பா மாதிரி நகத்தைத்தான் காட்ட முடியும். மேட் வார்னிஷை மட்டும் மழை நாளில் அடிக்க வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். எங்கள் தெரு மாதிரி கன்டெய்னர் லாரி போகிற இடமாக இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு அடியுங்கள்.

எந்த ஸ்குவாட்ரன், எந்த நம்பர் என்று நீங்கள் எழுதவே இல்லை. கிட் பெட்டியின் பக்கவாட்டுப் படத்தையும் டீகால் தாளையும் (நம்பர், சின்னம் ஒட்டுகிற தாள்) எடுத்துக் கமென்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.